தள்ளுவதற்கு முன்னால் விளக்கைப் பாருங்கள்

(இறம்பொடைப் பகுதித் தோட்டமொன்றின் பிள்ளை மடுவத்தில், வாகனம் வைத்திருப்போரும் தோட்டக் குடும்பத்தாரும் கலந்துகொண்ட ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் நிகழ்த்திய பேச்சு.)



வழக்கமாக நாங்கள் உங்கள் முன்னால் வந்து நின்றால் போஷாக்கு, குடிதண்ணீர், பிள்ளைகளின் படிப்பு, குடிப்பழக்கம் என்றுதான் பேசுவோம். இன்றைக்கு ஒரு வேன் சாவியைப் பற்றிப் பேசப் போகிறோம். "வெல்பெயார் ஐயாவுக்கும் கராஜ் வேலைக்கும் என்ன சம்பந்தம்?" என்று பின்வரிசையில் யாரோ கேட்பது காதில் விழுகிறது. சம்பந்தம் இருக்கிறது. கடைசிவரை கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

சென்ற வருஷம் ஆடி மாதம். விடாத மழை. இரவு பதினொன்றரை மணிக்கு எங்கள் குவாட்டர்ஸ் கதவைத் தட்டினார்கள். மேல் லயத்தில் ஒரு தங்கச்சிக்குப் பிரசவ வலி. தோட்டத்து லொறி அன்றைக்கு வேறு பிரிவுக்குப் போயிருந்தது. லயத்துத் தம்பி ஒருவர் லீசிங்கில் எடுத்த வேன் இருந்தது. பழைய வேன்தான், ஆனாலும் நல்ல ஓட்டம். அந்தத் தங்கச்சியையும் அவருடைய மாமியாரையும் ஏற்றினோம். தம்பி சாவியைப் போட்டுத் திருப்பினார். எஞ்சின் பிடித்தது, எல்லாரும் "அப்பாடா" என்றோம். இரண்டு எண்ணுவதற்குள் நின்றுவிட்டது. திரும்பவும் திருப்பினார். பிடித்தது, நின்றது. நாலு தடவை, ஐந்து தடவை, அதே கதைதான்.

அப்போது "தள்ளுங்கடா!" என்று குரல் கொடுத்தது யார் தெரியுமா? நாங்கள்தான். ஒளித்துப் பேசி என்ன ஆகப் போகிறது? எட்டுப் பேர் சேர்ந்து தள்ளினோம். இறக்கத்தில் வேன் உருண்டது. தம்பி கியரில் போட்டு கிளச்சை விட்டார். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. எஞ்சின் மூச்சு விட்டது, அடங்கியது. மறுபடியும் தள்ளினோம். மூன்றாவது தடவை வளைவுக்குக் கிட்டப் போய்விட்டது. தம்பி பிரேக்கை மிதிக்கிறார், பிரேக் கல்லு மாதிரி இறுகிக் கிடக்கிறது. இரண்டு காலாலும் ஏறி மிதித்துத்தான் நிறுத்தினார். முன் சக்கரம் கானுக்கு ஒரு முழ தூரத்தில் நின்றது. கானுக்கு அந்தப் பக்கம் தேயிலை மலை நேரே கீழே இறங்குகிறது. உள்ளே அந்தத் தங்கச்சியும் மாமியாரும் இருந்தார்கள்.

அந்த மாமியார்தான் கதவைத் திறந்துகொண்டு இறங்கி, "என் மருமகளை இறக்குங்க. இந்த வண்டியே எங்களுக்கு வேணாம்" என்று சத்தம் போட்டார். அதற்குப் பிறகுதான் ஒரு பிள்ளை கோயில் மேட்டுக்கு ஓடி, அங்கேதான் சிக்னல் கிடைக்கும், 1990க்குப் போன் போட்டது. கதிரையில் உட்கார வைத்துப் பெரிய ரோட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனோம். ஆம்புலன்ஸ் வந்தது. விடியற்காலையில் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். ஆனால், ஒரு மணித்தியாலத்துக்கு மேல் அந்த வேனோடு மல்லுக்கட்டியதை நினைத்தால் இன்றைக்கும் எங்களுக்கு உடம்பு நடுங்குகிறது.

அன்றிரவு முழுவதும் டேஷ்போர்டில் சாவிப் படம் போட்ட ஒரு சின்ன விளக்கு மினுங்கிக்கொண்டே இருந்தது. நாங்கள் எல்லாரும் அதைப் பார்த்தோம். ஒருவராவது அது என்ன சொல்கிறது என்று யோசிக்கவில்லை.

சாவிக்குள்ளே இருந்த கரித்துண்டு

மறுநாள் டவுன் கராஜிலிருந்து பாஸ் ஒருவர் வந்தார். அவர் எஞ்சின் மூடியைத் திறக்கவேயில்லை. விளக்கைப் பார்த்தார், சாவியை வாங்கிப் பார்த்தார். சாவியின் பிளாஸ்டிக் தலை வெடித்து, பல மாதமாக ரப்பர் பட்டி போட்டுக் கட்டியிருந்தது. பட்டியைக் கழற்றிப் பிரித்தார். உள்ளே ஒரு சின்னக் குழி வெறுமையாக இருந்தது.

"இதுக்குள்ள இருந்த சாமான் எங்க தம்பி?" என்று கேட்டார்.

முதல் நாள் பின்னேரம் தம்பியின் சின்ன மகன் அந்தச் சாவியை வைத்து விளையாடியிருக்கிறான். அவனுடைய அப்பாயி சொன்னார்: "அடுப்பங்கரையில சின்னதா ஒரு கரித்துண்டு கெடந்துச்சு ஐயா, கூட்டி அள்ளிப் போட்டேன்." குப்பையைக் கொட்டித் தேடினோம். கிடைத்தது. சின்ன விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிசு, கறுப்பு நிறம். பார்த்தால் கரி என்றுதான் யாரும் நினைப்பார்கள். பாஸ் அதைத் துடைத்துக் குழியில் வைத்து, சாவியை மூடித் திருப்பினார். வேன் ஒரே அடியில் ஸ்டார்ட் ஆகி நின்றது. விளக்கும் அணைந்தது.

அந்தக் கரித்துண்டுதான் வண்டியின் காவற்காரன். அதன் வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறோம். இந்தச் சில்லுக்குள் ஓர் இரகசிய எண் இருக்கிறது. இதற்குப் பெட்டரி கிடையாது. சாவி போடும் துவாரத்தைச் சுற்றி ஒரு கம்பிச் சுருள் வளையமாக இருக்கும். சாவியைத் திருப்பினால் அந்தச் சுருள் சில்லுக்குக் கொஞ்சம் சக்தி கொடுத்து, "நீ யார்?" என்று கேட்கும். சில்லு பதில் சொல்லும். பதில் சரி என்றால் வண்டியின் கொம்பியூட்டர் எஞ்சினுக்குப் பெற்றோலும் தீப்பொறியும் விடும். பிழை என்றால் விடாது. சில வண்டியில் ஸ்டார்ட்டர் சுற்றவே சுற்றாது. சிலதில் சுற்றும், பிடிக்காது. சிலதில் எங்கள் வேன் மாதிரி, பிடித்து இரண்டு செக்கனில் நின்றுவிடும். இதற்கு இம்மொபிலைசர் என்று பெயர்.

எதற்காக இப்படியொரு பூட்டு? கள்ளன் வயரை வெட்டி முடிச்சுப் போட்டு வண்டியைக் கொண்டுபோவதைத் தடுக்கத்தான். 1986இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டர்ஸ் கம்பனி கொர்வெட் காரின் சாவியில் இதன் பழைய வடிவம் ஒன்றை வைத்தது. பிரித்தானியாவில் 1998 முதல் புதிய கார்களுக்கு இது கட்டாயம். அவுஸ்திரேலியாவில் 2001 முதலும் கனடாவில் 2007 முதலும் சட்டமானது. அமெரிக்காவில் அப்படிச் சட்டம் இல்லை. அங்கே இந்தப் பூட்டு இல்லாமல் விற்ற சில ஹூண்டாய், கியா கார்களைத் திருடும் முறை 2021க்குப் பிறகு வீடியோக்களில் பரவி, பையன்கள்கூட அவற்றைக் கிளப்பிக்கொண்டு போனார்கள். ஆகையால் இந்தப் பூட்டு நமக்கு எதிரியல்ல. ஏழைத் தம்பி கடன்பட்டு வாங்கிய வேனை அது காக்கிறது. அதன் பாஷை நமக்குத் தெரியாததுதான் குறை.

தள்ளுவது ஏன் உதவாது?

நம் மலைநாட்டில் வண்டி ஸ்டார்ட் ஆகாவிட்டால் இறக்கத்தில் விடுவது தலைமுறைப் பழக்கம். பழைய டீசல் லொறிக்கு அது சரி. எஞ்சின் சுற்றினால் டீசல் தானாக எரியும்; யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. பெட்டரி இறங்கிய பழைய கியர் வண்டிக்கும் அது உதவியது. ஆனால் இம்மொபிலைசர் பூட்டிய வண்டியை நுவரெலியாவிலிருந்து கம்பளை வரைக்கும் உருட்டினாலும் ஸ்டார்ட் ஆகாது. கொம்பியூட்டர் அனுமதி கொடுக்காமல் எஞ்சினுக்குப் பெற்றோல் வராது. ஓட்டோ கியர் வண்டியோ, எந்தப் பழுதானாலும் தள்ளி ஸ்டார்ட் ஆகாது.

அதைவிடப் பெரிய விஷயம், எஞ்சின் ஓடாத வண்டியில் பிரேக்குக்குத் துணைப்பலம் இல்லை. ஒன்றிரண்டு மிதி மட்டும் வேலை செய்யும், அப்புறம் இறுகிவிடும். பவர் ஸ்டியரிங்கும் பாரமாகிவிடும். அவசரத்தில் சாவியைக் கழற்றினால் ஸ்டியரிங்கே பூட்டிக்கொள்ளும். நம்முடைய ரோட்டைப் பற்றி நாங்கள் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டுமா? 2025 மே மாதம் 11ஆம் திகதி அதிகாலையில் கெரண்டி எல்லையில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போனதை இன்னும் நாம் மறக்கவில்லை. அந்த ரோட்டில், நோயாளியை உள்ளே வைத்துக்கொண்டு, பிரேக் இல்லாத வண்டியைத் தள்ளுவது எவ்வளவு பெரிய பிழை! அந்தப் பிழையைச் செய்தவர்கள் நாங்கள். நீங்கள் செய்ய வேண்டாம்.

விளக்கு என்ன சொல்கிறது?

அதனால் தம்பிமாரே, வண்டி ஸ்டார்ட் ஆகாவிட்டால் முதலில் கையைக் கட்டிக்கொண்டு ஒரு நிமிஷம் பாருங்கள், கேளுங்கள்.

சாவியைத் திருப்பும்போது டேஷ்போர்ட் விளக்கெல்லாம் மங்கி, "டிக் டிக் டிக்" என்று சத்தம் வந்தால் அது பெட்டரிப் பிழை. அல்லது பெட்டரி முனை துருப்பிடித்துத் தளர்ந்திருக்கும்.

விளக்குகள் பிரகாசமாக இருந்து, ஒரு "டக்" மட்டும் கேட்டால், அல்லது சத்தமே இல்லாவிட்டால், ஓட்டோ கியர் பார்க்கில் நிற்கிறதா, கிளச் முழுவதும் மிதிபட்டதா என்று பாருங்கள். அதுவும் சரி என்றால் ஸ்டார்ட்டர் பக்கம் சந்தேகப்படலாம்.

எஞ்சின் பலமாகச் சுற்றியும் பிடிக்கவில்லை, சாவிப் படம் போட்ட விளக்கும் அணைந்துவிட்டது என்றால் பெற்றோலையும் தீப்பொறியையும் பார்க்க வேண்டும்.

சாவியை ஓன் செய்த பிறகும் அந்த விளக்கு மினுங்கினால், அல்லது அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால், அது இம்மொபிலைசர். "இந்தச் சாவியை எனக்குத் தெரியாது" என்று வண்டி சொல்கிறது.

ஒன்றைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். வண்டியைப் பூட்டி நிறுத்தியிருக்கும்போது அந்த விளக்கு மினுங்கினால் பல வண்டிகளில் அது பழுதல்ல. காவல் இருக்கிறேன் என்பதற்கு அடையாளம். சாவியைப் போட்டு ஓன் செய்த பிறகு என்ன செய்கிறது என்பதுதான் கணக்கு. முச்சக்கர வண்டி அண்ணன்மாருக்கு இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை.

என்ன செய்வது?

முதலாவது, சாவியைக் கழற்றி எடுங்கள். கொத்திலே வேறு வண்டிச் சாவி, இரும்பு வளையம் இருந்தால் பிரித்துவிடுங்கள். பக்கத்து வண்டிச் சாவியின் சில்லும் சேர்ந்து பதில் சொன்னால் சுருள் குழம்பிப் போகும். தனிச் சாவியாக நிதானமாகப் போட்டுத் திருப்பிப் பாருங்கள்.

இரண்டாவது, இன்னொரு சாவி இருந்தால் அதைப் போடுங்கள். அது வேலை செய்தால் பிழை முதற் சாவியில்தான். இரண்டும் வேலை செய்யாவிட்டால் சுருளிலோ வயரிலோ பெட்டரியிலோ பிழை. இந்த ஒரு சோதனை கராஜில் உங்களுக்கு அரைநாள் கூலியை மிச்சப்படுத்தும்.

மூன்றாவது, சாவியின் தலையைப் பாருங்கள். வெடிப்பு இருந்தால் உள்ளே சில்லு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டவுனில் சாவிக்குப் புதுக் கூடு மாற்றினாலும், பழைய கூட்டிலிருந்த சில்லைப் புதியதில் வைத்தார்களா என்று கண்ணால் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

நான்காவது, பெட்டரி. பெட்டரி பலமிழந்தால் கொம்பியூட்டர் சில்லைச் சரியாக வாசிக்காமலும் போகலாம். முனைகளைத் துடைத்து இறுக்குங்கள். வேறு வண்டியிலிருந்து கேபிள் கொடுப்பதென்றால் சிவப்பை இரண்டு பெட்டரியின் கூட்டல் முனைகளில் மாட்டுங்கள். கறுப்பை நல்ல பெட்டரியின் கழித்தல் முனையில் மாட்டி, மறு நுனியைக் கடைசியாக, நின்றுபோன வண்டியின் எஞ்சின் இரும்பில், பெட்டரிக்குத் தள்ளி மாட்டுங்கள்.

ஐந்தாவது, பொத்தான் அமத்தி ஸ்டார்ட் செய்யும் புது மாதிரி வண்டிகள். அந்தச் சாவிக்குள் காசு மாதிரி ஒரு சின்ன பெட்டரி இருக்கும். அது தீர்ந்தால் கதவும் திறக்காது, பொத்தானும் கேட்காது. சாவிக்கு உள்ளேயே ஓர் இரும்புச் சாவி ஒளிந்திருக்கும். அதை உருவிக் கதவைத் திறங்கள். பிறகு பிரேக்கை மிதித்தபடி சாவியைப் பொத்தானோடு ஒட்டிப் பிடித்து அமத்துங்கள். பல வண்டிகள் இப்படியே ஸ்டார்ட் ஆகிவிடும். சிலதில் சாவி வைக்கும் இடம் வேறாக இருக்கும். அதை வண்டியின் கையேட்டில் முன்கூட்டியே பார்த்து வையுங்கள்.

ஆறாவது, இரும்புச் சாவியால் கதவைத் திறந்ததும் ஹோர்ன் அலறத் தொடங்கினால் பயப்பட வேண்டாம். ரிமோட்டால் ஒரு தடவை பூட்டித் திறங்கள். அநேகமாக அடங்கிவிடும்.

இவ்வளவும் செய்ய பத்து நிமிஷம் போதும். அதற்கு மேல் வேண்டாம். வயரை வெட்டி நேரடியாகக் கொடுக்கிறேன் என்று யாராவது வந்தால் அனுமதிக்காதீர்கள். இந்தப் பூட்டு வயரை வெட்டித் திறப்பதல்ல. வெட்டினால் பழுது இரண்டாகும். பெட்டரியைக் கழற்றிப் போட்டால் பூட்டு மறந்துவிடும் என்பதும் பிழையான நம்பிக்கை. இரகசிய எண் பெட்டரி இல்லாமலும் அழியாது.

ஒற்றைச் சாவி ஆபத்து

2020 மார்ச் மாதம் நம் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மறுபடியும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இந்த இடைப்பட்ட காலத்தில் பழைய வேன்களும் கார்களும்தான் கைமாறிக் கைமாறி ஓடின. நாலாவது, ஐந்தாவது சொந்தக்காரரிடம் வரும்போது இரண்டாவது சாவி எங்கேயோ தொலைந்து போயிருக்கும். நம் தம்பிமார் அப்படி ஒற்றைச் சாவியோடு வாங்கிய வண்டிகள்தான் அதிகம்.

ரோட்டோரக் கடையில் சாவி வெட்டிக்கொண்டால் போதும் என்று நினைக்காதீர்கள். அந்தச் சாவி கதவைத் திறக்கும், துவாரத்தில் திரும்பவும் செய்யும். வண்டி ஓடாது. ஏனென்றால் அதில் சில்லு இல்லை. இருந்தாலும் அந்தச் சில்லை வண்டியின் கொம்பியூட்டரில் பதிய வேண்டும். ஒரு சாவி கையில் இருக்கும்போதே இரண்டாவதைப் பதிந்துகொள்வது பெரும்பாலும் சுலபம். எல்லாச் சாவியும் தொலைந்த பிறகு என்றால் பல வண்டிகளில் கொம்பியூட்டரையே கழற்ற வேண்டி வரும். செலவு பல மடங்காகும்.

வண்டி வாங்கப் போகிறவர்கள் இரண்டு சாவியையும் கேளுங்கள். இரண்டையும் தனித்தனியே போட்டு ஸ்டார்ட் செய்து பாருங்கள். சாவியோடு வரும் எண் தகட்டையும் கையேட்டையும் கேட்டு வாங்குங்கள். இரண்டாவது சாவியை வண்டிக்குள் வைக்காமல் வீட்டில் அம்மாவிடமோ மனைவியிடமோ கொடுத்து வையுங்கள். சாவியைப் பிள்ளைகளுக்கு விளையாடக் கொடுக்காதீர்கள். சட்டையோடு சேர்த்துத் துவைக்காதீர்கள்.

தாய்மாருக்கு ஒரு வார்த்தை

கடைசியாக, இதுவரை டிரைவர்மாருக்குச் சொன்னோம். இப்போது எல்லாருக்கும், முக்கியமாகத் தாய்மாருக்குச் சொல்கிறோம்.

வீட்டில் நோயாளி இருந்தால் வண்டியையும் பாருங்கள், போனையும் எடுங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். "வண்டி ஸ்டார்ட் ஆகட்டும், பிறகு பார்ப்போம்" என்று காத்திருக்க வேண்டாம். 1990 ஆம்புலன்ஸ் சேவை இந்திய அரசின் உதவியோடு 2016இல் தொடங்கி, பின்னர் நாடு முழுவதற்கும் வந்தது. ஒரு சதம் காசு இல்லை. தோட்டத்தின் பெயர், பிரிவு, பெரிய ரோட்டில் எந்த இடத்தில் நிற்பீர்கள் என்று தெளிவாகச் சொல்லுங்கள். ஒரு பிள்ளை டோர்ச்சோடு ரோட்டில் நிற்கட்டும். தோட்ட வைத்திய உதவியாளருக்கும் மருத்துவமாதுவுக்கும் சொல்லி அனுப்புங்கள். உங்கள் லயத்தில் சிக்னல் எங்கே கிடைக்கும் என்பதை இன்றைக்கே பார்த்து வையுங்கள். நடு இரவில், மழையில் தேட வேண்டாம்.

எட்டு மாதக் கர்ப்பிணி இருக்கும் வீட்டார், எந்த வண்டியில் போவோம், அது வராவிட்டால் எதில் போவோம் என்று இரண்டையும் முன்கூட்டியே பேசி வையுங்கள். வண்டிக்காரத் தம்பியும் கர்ப்பிணி இருக்கும் லயத்தில் தன்னுடைய இரண்டாவது சாவியைப் பற்றி யோசிக்கட்டும்.

ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். வெல்பெயார் ஐயாவுக்கும் வேன் சாவிக்கும் என்ன சம்பந்தம்? அன்றிரவு அந்த விளக்கின் அர்த்தம் எங்களுக்குத் தெரிந்திருந்தால், முதல் ஐந்து நிமிஷத்திலேயே போன் போட்டிருப்போம். எட்டுப் பேர் மழையில் நின்று ஒரு கர்ப்பிணியைப் பள்ளத்தை நோக்கித் தள்ளியிருக்க மாட்டோம். அந்தச் சம்பந்தம்தான்.

அந்தத் தம்பி இப்போது புதுக் கூடு போட்டு, இரண்டாவது சாவியும் பதிந்துகொண்டார். இரண்டாவது சாவி எங்கே இருக்கிறது தெரியுமா? அவருடைய அம்மாவின் சீலை முடிச்சில். குப்பையில் கரித்துண்டைக் கூட்டி அள்ளியவரே இப்போது அதற்குக் காவல்.

கூட்டம் முடிந்து போகும்போது வண்டி வைத்திருப்பவர்கள் ஒரு தடவை சாவியைப் போட்டு, அந்த விளக்கு எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போங்கள்.